பக்கத்து ஊர் டாக்டர்

மரப் பட்டறையில் இருமுகிறவனுக்கு மறுநாள் வேலை இல்லை என்பது முதலாளி போட்ட சட்டம். “நம்ம பட்டறையில தூசியே கிடையாது, அப்புறம் இருமல் எங்கேருந்து வரும்?” என்பார்.

அதனால் பாலிஷ்காரர், தங்கை வீட்டில் விசேஷம் என்று லீவு சொல்லிவிட்டு, வேலையால் வரும் மூச்சிரைப்புக்கென்றே பேர்போன பக்கத்து ஊர் டாக்டரிடம் வந்திருந்தார்.

அடுத்த நாற்காலியில் பட்டறை மேஸ்திரி.

“என்னய்யா, விசேஷம் இங்கயா?”

“மச்சானுக்கு இழுப்புண்ணே. துணைக்கு வந்தேன். நீங்க?”

“மாமியாருக்கு.”

மச்சானையும் காணோம், மாமியாரையும் காணோம். இருவரும் இருமலை விழுங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “அடுத்து யாரு?”

“நீங்க போங்கண்ணே.”

“எனக்கென்ன கேடு? நீ போ.”

அதற்குள் கதவு திறந்தது. கையில் இன்ஹேலரோடு முதலாளி வெளியே வந்தார். இவர்களைக் கண்டதும் அது சட்டைப் பைக்குள் போனது.

“டாக்டருக்கு ஒரு அலமாரி வேணுமாம். அளவெடுக்க வந்தேன்.”

“நல்ல மரமாப் போட்டுடலாம் முதலாளி” என்று மேஸ்திரி பணிவாக வாயைத் திறந்ததுதான் தப்பு. இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. பாலிஷ்காரருக்கும் தாங்கவில்லை. முறைக்கப் போன முதலாளியையும் அது விடவில்லை.

நர்ஸ் நிதானமாகக் கேட்டாள்: “மூணு பேரும் ஒரே பட்டறையா?”