தெரிந்த முகம்

புற்றுநோய் வார்டில் இரத்தப் பையோடு வந்த நர்ஸ் ஷீபா, வழக்கம்போலக் கேட்டாள்.

"சேச்சி, முழுப் பேரு சொல்லுங்க."

"ஏலிக்குட்டி வர்க்கீஸ்."

"பிறந்த தேதி?"

கட்டிலருகே இருந்த கணவர் வர்க்கீஸுக்குப் பொறுக்கவில்லை. "மூணு மாசமா இதே கட்டில்லதான் கிடக்கறா. நேத்தும் கேட்டே. உனக்கென்ன மறதி வியாதியா, மோளே?"

ஷீபா தலைகுனிந்தாள். ஏலிக்குட்டி தேதியைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

இரத்தம் சொட்டத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு ஷீபா போனாள்.

"நீயும் முப்பது வருஷம் நர்ஸா இருந்தவதானே? இப்படியா கேட்டுக் கழுத்தறுத்தே?"

ஏலிக்குட்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரேயொருத்தர்கிட்ட கேக்கல, அச்சாயா. தெரிஞ்ச முகம்தானேன்னு பையை மாட்டிட்டேன். அது பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த ரத்தம்."