வாசல் பக்கத்து வண்டி

"ஏம்மா, உன் வண்டி வாசல் பக்கம் நின்னா என் வண்டி எப்படி வெளிய போகும்? பறந்தா?"

"எதுக்கு மாமா பறக்கணும்? என் வண்டி போனதும் நீங்க போங்க."

"உன் வண்டி எப்ப போகும்?"

"நான் போகும்போது."

வெல்டர் டிரில்லிங் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு மாமனாரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலிலிருந்து வீட்டுக்குள் போகிற நடை அது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். அந்தப் பழக்கம் இந்த வீட்டில் யாருக்கும் கிடையாது என்பது வந்த ஐந்தாவது நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நடையில்தான் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்று பாதி வழியை அடைத்துக்கொண்டிருந்தன. முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தாங்கியைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கினால் வண்டி நேராக நிற்கும், பக்கத்தில் ஆள் நடக்கலாம். பூட்டுப் போட்டுவிட்டால் திருடனாலும் அசைக்க முடியாது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தாங்கி. வேலை சுலபம்தான். எந்த வண்டி முன்னால் என்பதில்தான் பஞ்சாயத்து.

"என்னங்க, நீங்களாவது சொல்லுங்க" என்றாள் மருமகள்.

"ஐம்பத்தி நாலு இன்ச்" என்றார் மகன். பேச்சு தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் குனிந்து டேப்பை நீட்டிவிடுவார். அந்த நடையின் அகலம் அவருக்கு இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

"தினமும் காலைல வெளிய போறவன் நான்" என்றார் பெரியவர்.

"தெருமுனைக்குப் பேப்பர் படிக்கத்தானே? நடந்து போங்க மாமா, உடம்புக்கு நல்லது."

"நீ ஆபீசுக்கே பஸ்லதான போற? வாங்கின நாளா வண்டியை உறை போட்டு மூடியே வெச்சிருக்க. திறந்தா சளி பிடிச்சுக்குமா?"

"அவசரத்துக்கு ஒரு வண்டி வேணாமா?"

"அவசரம் உனக்கு மட்டும்தான் வரும். எனக்கெல்லாம் வராது!"

வெல்டர் பேச்சை மாற்ற நினைத்தார். பெரியவரின் வண்டியில் மட்கார்டு நசுங்கி, ஹெட்லைட் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. "என்ன ஐயா ஆச்சு?"

"எதிர் வீட்டு கேட் வந்து இடிச்சிடுச்சு" என்றார் பெரியவர், அந்த கேட் கண்மண் தெரியாமல் தெருவில் திரிவதைப் போல.

மகன் அவசரமாக இன்னொரு முறை அளந்தார்.

"அண்ணே, வாசல் பக்கம் என் வண்டி. அதோட பூட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கும்" என்று மருமகள் தீர்ப்பைப் படித்தாள். "நீங்க வேலையைப் பாருங்க."

"பாத்தியா தம்பி? என் வீட்டுலயே என் வண்டிக்கு ஜெயில்!" பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மகனுக்கு அந்த நொடியே ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

வெல்டருக்குப் பொறுக்கவில்லை. வயசான மனுஷனை இப்படி மூலையில் தள்ளுகிறாளே, இவளெல்லாம் ஒரு மருமகளா என்று மனசுக்குள் அர்ச்சனை செய்துகொண்டே தரையைத் துளைத்தார். வாசல் பக்கத்துத் தாங்கியின் போல்ட்டுகளைக் கொஞ்சம் லூசாகவே விட்டுவிடுவது என்று முடிவும் செய்தார். பெரியவர் ஒரு ஸ்பேனரைப் போட்டால் கழன்று வரட்டும். புண்ணியமாவது சேரும்.

மருமகளின் வண்டியைத் தாங்கியில் ஏற்ற, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூக்கினார். அது சைக்கிளைப் போல லேசாக எழும்பி வந்தது. உறை நழுவிக் கீழே விழுந்தது.

உள்ளே இன்ஜினே இல்லை. டேங்க் இருந்தது, சீட் இருந்தது, நடுவில் வெறும் ஓட்டை.

"அண்ணே, சத்தம் போடாதீங்க!" மருமகள் ஓடி வந்து உறையை எடுத்து மூடினாள். "பழைய இரும்புக் கடையில வாங்கினது."

"எதுக்கும்மா?"

"மாமாவுக்கு ஒரு கண்ணு சுத்தமா மங்கிடுச்சு. அந்த கேட்ல மோதினது மூணாவது தடவை. அடுத்தது லாரியா இருந்தா என்ன பண்றது?" அவள் உறையின் முனையை இழுத்துக் கட்டினாள். "ஓட்டாதீங்கன்னு சொன்னா, எனக்கு வயசாயிடுச்சான்னு கேட்டுட்டு ரெண்டு நாள் சாப்பிட மாட்டார். இந்த மாதிரி குறுக்க ஒண்ணை நிறுத்திட்டா, என்னைத் திட்டிட்டாவது வீட்டுல பத்திரமா இருப்பார் இல்ல? நான் கெட்டவளா இருந்துட்டுப் போறேன்ண்ணே."

வெல்டருக்கு வெட்கமாகிவிட்டது. அதுவரை செய்த அர்ச்சனையை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டு, போல்ட்டுகளை இறுக்க உட்கார்ந்தார். அவள் பூட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

அவள் போனதும் பெரியவர் பூனை நடை நடந்து வந்தார். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வெல்டரின் காதருகே குனிந்தார்.

"தம்பி, அந்த வாசல் பக்கத்து போல்ட்டு..."

"ஐயா, மன்னிச்சிடுங்க. அதை என்னால லூசாக்க முடியாது."

"யாருப்பா லூசாக்கச் சொன்னது? இன்னும் ரெண்டு சுத்து இறுக்கு" என்றார் பெரியவர். "எனக்குக் கண்ணுதான் மங்கிடுச்சு, காது நல்லாத்தான் இருக்கு. வந்த நாளா ஒரு தடவைகூட உறுமாத வண்டி அது. ரோட்டுக்குப் போகவே பயமா இருக்குன்னு என் வாயால நான் எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணுதான் காப்பாத்திச்சு."

வெல்டர் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"சரி, நான் போய் நல்லா ஒரு கத்து கத்திட்டு வரேன். சும்மா இருந்தா, பாவம், அவளுக்குச் சந்தேகம் வந்துடும்."