நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள்

கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் புக்கை என்று யோகேஸ்வரன் சட்டம் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த சனம் கோயில் வாசலில் வரிசையாக நின்றது. மேசையின் இடது பக்கம் கடிதக் கட்டு, வலது பக்கம் பொங்கல் மணக்க ஆவி பறக்கும் சர்க்கரைப் புக்கை.

கோயிலுக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் புல். சனம் குடியிருக்கும் நோபல் பார்க்கிலிருந்து இருபது நிமிடக் கார் ஓட்டத்தில், கட்டடங்கள் பெருகிவிடக் கூடாதென்று அரசாங்கம் ஒதுக்கிவைத்த பசுமை வலயம். அதன் ஒரு மூலைக்கு நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பெயர்த்துக்கொண்டு வரப் போகிறார்கள் என்று போன மாதம் அறிவித்தல் வந்திருந்தது.

மற்ற மூலையில்தான் கோயிலின் கல்யாண மண்டபம் வர வேண்டும். செயலாளர் யோகேஸ்வரன் மூன்று வருடமாக அதற்காக நடையாய் நடந்தவர். ஆட்சேபித்த ஒரே ஓர் அயலவரும் வீட்டை விற்றுவிட்டுக் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டார், ஆட்சேபணையும் வாபஸ். இனிக் கவுன்சில் கூட்டத்தில் கை தூக்குவது மட்டுமே பாக்கி. முதல் கல்யாணம் தன் மகள் தாரகாவுடையது என்று சம்பந்தி வீட்டுக்கும் சொல்லியாயிற்று.

“மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டோ அட்சதை போடுறது?” என்று சம்பந்தி கேட்ட நாளிலிருந்து அவருக்கு இரவில் நித்திரை இல்லை. பசுமை வலயத்தின் மேல் பாசம் பிறந்ததும் அன்றுதான்.

ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். “இந்தப் புல்லுக்குள்ளை அருமந்த தவளை ஒண்டு இருக்காம். அந்த வாயில்லாச் சீவனுக்காக நாங்கள்தான் கதைக்கோணும்!”

பக்கத்தில் புக்கை பரிமாறிக்கொண்டிருந்த தாரகா நிமிரவில்லை. “அப்பா, போன வருசம் கராஜுக்குள்ள ஒரு ஃப்ரொக் வந்ததுக்கு நீங்கள் டிரிபிள் ஸீரோ அடிச்சுப் பொலிசைக் கூப்பிடப் பாத்தனீங்கள். எங்கட கல்யாண ஹோலும் அதே புல்லிலதானே வரப்போகுது?”

“அது கோயில் காரியம் பிள்ளை. தவளைக்கு விளங்கும்.”

கடிதம் எழுத அவர் மெனக்கெடவில்லை. கவுன்சிலின் இணையத்தளத்திலேயே ஒன்று கிடந்தது. இதே புல்வெளியில் கட்டடம் கூடாதென்று ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் முன்பு எழுதியது. என்ன ஆங்கிலம்! ‘உத்தேசக் கட்டுமானம்’ என்றே கடைசிவரை சொல்லி, பெயரைக்கூட எடுக்காமல் கிழித்திருந்தார்.

யோகேஸ்வரன் ஆசிரியையின் பெயரையும் திகதியையும் அழித்தார். மேலே இருந்த விண்ணப்ப இலக்கத்தை மட்டும் தொடவில்லை. இலக்கம் இல்லாத கடிதத்துக்கு அரசாங்கக் கந்தோரில் மரியாதை இல்லை என்பது கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் அவர் கண்டது.

வரிசையில் கனகேஸ்வரி அன்ரி ஒருவர்தான் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

“தம்பி யோகேசு, இதென்ன, சனி ஞாயிறிலை வாகன நெரிசல் எண்டு கிடக்கு? மற்ற நாளிலை சனம் கக்கூசுக்குப் போறேல்லையோ?”

“அது... லொறியள் வரும் அன்ரி.”

“இரவு பதினொரு மணி மட்டும் ஒரே சத்தமாம். சமையல் மணமுமாம்.”

அவர் பேனையை நீட்டினார். “கனக்க எழுதினாத்தான் அவங்கள் பயப்படுவாங்கள். பின்னால லைன் நிக்குது, போடுங்கோ அன்ரி.”

“போடுறன், போடுறன். கஜு கிடக்கிற பக்கமாப் பாத்து அள்ளச் சொல்லு.”

பின்னேரத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டார்கள். அன்ரிக்குப் பிறகு ஒருவரும் கண்ணாடி மாட்டவில்லை. திங்கட்கிழமை அவரே கட்டைச் சுமந்துபோய்க் கவுன்சிலில் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துக் கூட்டம். கழிவுநீர் நிலையமும் மண்டபமும் ஒரே மாலையில் தீர்மானத்துக்கு வந்தன. நிர்வாக சபையினர் கோயில் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் காத்திருந்தார்கள். கவுன்சிலில் வேலை செய்யும் ஹரிப்பிரியா, வெள்ளிதோறும் கோயிலுக்கு வரும் சென்னைப் பெண், முடிவு தெரிந்ததும் தானே அழைப்பதாகச் சொல்லியிருந்தாள்.

ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. யோகேஸ்வரன் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“அங்கிள்...” அவள் குரல் இறங்கியிருந்தது. “நானூத்திப் பன்னெண்டு லெட்டரையும் கணக்குல எடுத்துக்கிட்டாங்க. இவ்வளவு எதிர்ப்பு வந்ததே இல்லையாம். அப்ளிகேஷனை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க.”

அதற்குமேல் அவளைப் பேசவிடவில்லை முற்றம். “வெண்டிட்டம்!” என்று கதிரைகள் கவிழ்ந்தன. பிள்ளையாருக்கு முன்னால் தேங்காய் சிதறியது. கனகேஸ்வரி அன்ரி யோகேஸ்வரனின் தோளில் தட்டி, “நீ போட்ட புக்கை வீண்போகேல்லை” என்றார்.

யோகேஸ்வரன் வேலிக்கு அப்பால் பார்த்தார். மணவறை எந்தத் திசை பார்க்க வேண்டும், வாழை எங்கே கட்ட வேண்டும் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. தோற்றவர்களின் மேல் சற்று இரக்கம்கூட வந்தது. தொலைபேசியை மீண்டும் வாயருகே பிடித்தார்.

“பிள்ளை, நிக்கிறியோ? பாவம், அப்ப அவையள் அந்தக் கழிவுத் தண்ணியை இனி எங்க கொண்டு போவினமாம்?”

“அதுக்கு எதிரா ஒரு லெட்டர்கூட வரல அங்கிள்; அது இங்கதான் வருது... ரிஜெக்ட் ஆனது உங்க மண்டபம்.”