சிவப்புப் புள்ளி

ஒரு விசில் என்றால் இடது பக்கம் ஓரடி. இரண்டு விசில் என்றால் வலது பக்கம் ஓரடி. மூன்று நீள விசில் என்றால் மூச்சுகூட விடக் கூடாது.

ஒரு விசில் வந்தது. நகர்ந்தேன்.

இரண்டு விசில் வந்தது. வாங்கிய ஓரடியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அரை மணி நேரமாக இதே கூத்து. போன் எடுக்காத காடு, அதனால் நகர்த்துவது எல்லாம் விசில்தான். இடிந்த கோட்டையின் மதில் விளிம்பில் நான். முதுகுக்குப் பின்னால், பள்ளத்தைத் தாண்டி, எதிர்ப் பாறையில் கேமராவும் முக்காலியுமாக அவர். கோட்டைக் கோபுரத்தின் உச்சியில் வெயில் விழுவதற்காகக் காத்திருக்கிறார். சூரியனை விசிலடித்து நகர்த்த முடியவில்லை என்பது ஒன்றுதான் அவருக்கு இந்த உலகத்தின்மேல் உள்ள வருத்தம்.

கோட்டை நிற்கும் பாறை எவ்வளவு பெரியது என்று படம் பார்ப்பவனுக்குப் புரிய வேண்டுமாம். அதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் என்றால் ஆள் இல்லை, சிவப்பு ரெயின்கோட் போட்ட ஒரு புள்ளி. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஸ்கேல்.

அவருடைய இருபது வருஷப் படங்கள் எல்லாவற்றிலும் அந்தப் புள்ளி உண்டு. காட்டில் உண்டு, அருவியில் உண்டு, ஒன்பது கோட்டைகளில் உண்டு. புள்ளிக்கு முதுகு மட்டும்தான். தபால் பெட்டி என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு பதிப்பாளர், படம் பிரமாதம், அந்தத் தீயணைப்புக் கருவியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டாராம்.

அதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன். சிரித்ததற்காகப் பிறகு வெட்கமாக இருந்தது.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஒரு பாறைக்கு வலது கன்னம் அழகு, இடது கன்னம் சுமார் என்று அரை மணி நேரம் பேசுவார். கட்டிய மனைவிக்குக் கன்னம் எத்தனை என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்.

மதிலுக்கு இந்தப் பக்கம் சரிவு முழுக்க மரங்கள். சரிவின் அடியில் ரோடு, ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு பஸ் நிறுத்தம். அவர் இருக்கும் இடத்திலிருந்து அது தெரியாது. தெரிந்தாலும் பார்க்க மாட்டார், அங்கே வெளிச்சம் சரியில்லை.

ஏழு மணி பஸ் கிளம்புவதற்குள் அவர் ஒரே ஒரு தடவை 'இந்தப் பக்கம் திரும்பு' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் ஒன்றும் இல்லை, மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு எல்லோரும் ஒன்றாக ஊர் போய்ச் சேரலாம். சொல்லாவிட்டால் இருபது வருஷக் குடித்தனம் அந்த பஸ்ஸோடு போச்சு.

அப்படி ஒன்றும் பெரிய ஆசை இல்லை. ஒரே ஒரு படத்தில் முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மணி ஆறு ஐம்பத்தைந்து.

அவர் கையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. எந்தத் தேர்தலிலோ ஓட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போன மைக், சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கி வைத்திருக்கிறார்.

"என்ன இன்னிக்கு மரம் மாதிரி நிக்கிற? தோளைத் தொங்கவிடு. வாழ்க்கையே வெறுத்துப்போன மாதிரி நில்லு!"

ஸ்கேல் பதில் பேசக் கூடாது, பேசினால் புள்ளி அசையும். தோளைத் தொங்கவிட்டேன். வெறுத்துப்போன மாதிரி நிற்பது அன்றைக்கு எனக்குச் சிரமமாகவே இல்லை.

கீழே ஹாரன் கேட்டது. பஸ் வந்து நின்றது. யாரோ ஒருவர் பெரிய சாக்கு மூட்டையோடு இறங்கப் பார்த்தார். மூட்டை கதவில் சிக்கிக்கொண்டது. உள்ளிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள். அந்த மூட்டைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். சொல்லுங்க, இப்போதாவது வாயைத் திறந்து சொல்லுங்க.

ஒரு விசில் வந்தது.

இந்த மனிதரை என்ன செய்தால் தகும்? ஓரடி நகர்ந்தேன்.

மூட்டை இறங்கியது. பஸ் நகர்ந்தது.

அதே நேரம் பார்த்து வெயில் கோபுரத்தின் உச்சியில் விழுந்தது. மூன்று நீள விசில். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பஸ் முதல் வளைவில் மரங்களுக்குள் போய் மறைந்தது.

"ஆஹா! இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் ஒழுங்கா நின்னிருக்க! சரி, அப்படியே இந்தப் பக்கம் திரும்பு. உன் மூஞ்சியையும் ஒண்ணு எடுத்து வைப்போம்."

அந்தக் கரகரப்புக்குள்ளும் பிரியம் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொல்லிவிட்டார் ஐயா, சொல்லியேவிட்டார்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் லென்ஸில் தெரியப்போவது என் மீசை. பதினோரு நாளாக இவர்களுக்குக் கார் ஓட்டுகிறேன். இன்று காலை காரைவிட்டு இறங்கி சார் முக்காலியோடு முன்னால் போனதும், சார் வீட்டு அக்கா இந்த ரெயின்கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். சார் திரும்பச் சொன்னால் தலைக்கு மேலே கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். நிறுத்தத்திலிருந்து மேலேயே பார்த்துக்கொண்டிருப்பாராம். கை ஆடினால் பஸ் ஏற மாட்டாராம்.

ஆட்டினேன். இரண்டு கைகளையும் தூக்கி, தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி ஆட்டினேன். தகரக் கூரைக்கு அடியில் யாரும் இல்லை. பொய்யாகவாவது முன்னாலேயே ஆட்டியிருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

தூரத்து வளைவில் பஸ் ஒரு கணம் மரங்களைவிட்டு வெளியே வந்தது. நிற்காமல் போனது.

கைகளைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினேன்.

எதிர்ப் பாறையில் சார் கேமராவை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, சந்தோஷமாக எனக்கு ஆட்டிக்கொண்டிருந்தார்.