பச்சை சைக்கிளின் முன்சக்கர நட்டு

பச்சை சைக்கிளுக்கு ஒரே ஒரு காட்டர் பின்தான் குறை. அது இல்லாமல் பெடல் நிற்காது. மெக்கானிக் சிங்காரம் கடை கடையாய் அலைந்தும் அந்தப் பழைய அளவு கிடைக்கவில்லை. காயலான் கடைக்குத் தள்ளிவிடுவாரோ என்று பச்சைக்கு ஒரே உதறல்.

ஒருநாள் அவர் அதே கம்பெனிக் கறுப்பு சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் பெடலில் காட்டர் பின் பத்திரமாக இருந்தது.

"அண்ணே, நீங்க நல்லா இருப்பீங்க! அந்தப் பின்னை எனக்குத் தந்துடுங்க," என்று பச்சை கெஞ்சியது.

கறுப்பு திகைத்தது. "என்ன தம்பி இப்படிச் சொல்றே? எனக்கு முன்சக்கர நட்டு ஒண்ணுதான் குறைச்சல். அது உங்கிட்ட இருக்குன்னுதானே என்னைக் கூட்டிட்டு வந்தார்?"

சிங்காரம் ஸ்பேனரோடு எழுந்தார். பச்சை ஓசைப்படாமல் ஹேண்டிலைத் திருப்பி, தன் நட்டைச் சுவர்ப் பக்கம் மறைத்துக்கொண்டது.