ரை... ரைட்!

மனைவியின் நீர்க்கடுப்புக்கு எடுத்த பரிசோதனை ரிப்போர்ட்டைக் கண்டக்டர் ஒரே மூச்சில் படித்து முடித்தார். பத்து மருந்துகளுக்கு எதிரே 'ஆர்'. ஒன்றுக்கு மட்டும் 'எஸ்'. பார்த்தால், டாக்டர் கொடுத்திருந்ததே அந்த 'எஸ்' மருந்துதான்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாங்க."

"இருபது வருஷமா பஸ்ல கத்துறேன், எனக்குத் தெரியாதா? 'ஆர்'னா ரைட், 'எஸ்'னா ஸ்டாப்."

அந்த 'எஸ்' மருந்தைக் குப்பையில் போட்டார். போன தடவை பாதியில் நிறுத்திய 'ஆர்' மாத்திரைகளை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நான்காம் நாள் மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"'ஆர்' போட்ட எதுக்கும் கிருமி அசைஞ்சு கொடுக்காது. 'எஸ்' ஒண்ணுக்குத்தான் கேக்கும்," என்றார் டாக்டர். "அதைத்தானே கொடுத்தேன், என்ன ஆச்சு?"

கண்டக்டர் தொண்டையைச் செருமினார்.

"முதல் ஸ்டாப்லயே இறக்கி விட்டுட்டேன் டாக்டர்."