இரண்டு விசில்

கையில் சுற்றிய பட்டை இறுகியது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் குறுக்கே நடந்தாள். அவருடைய வலது கால் தானாகக் கீழே அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. வெறும் மொசைக் தரை.

டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"நூத்தி அறுபத்தெட்டு. நேத்தைவிட இன்னிக்கு ரெண்டு கூட."

இது மூன்றாவது நாள். பஸ் ஓட்டும் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து வேண்டும். கண் சரி. காது சரி. கை கால் சரி. பிரஷர் மட்டும் இந்த அறைக்குள் வந்ததும் எகிறிக்கொள்கிறது.

நாளையோடு லைசென்ஸ் முடிகிறது. முதலாளி இப்போதே வேறு டிரைவரிடம் பேசி வைத்துவிட்டார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரே ஒரு கோழியைத்தான் அடித்திருக்கிறார். அதுவும் கோழியின் தப்பு.

ஜன்னல் வழியே எதிரில் பஸ் ஸ்டாண்ட் தெரிந்தது. அவருடைய வண்டி கிளம்ப இன்னும் கால் மணி நேரம். கண்டக்டர் பூமிநாதன் படியில் நின்று கிளினிக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படி என்னங்க பயம்?" என்றார் டாக்டரம்மா.

"இந்த நாற்காலில உக்காந்தாலே நெஞ்சு அடிச்சுக்குதும்மா."

டாக்டரம்மாவும் ஜன்னல் வழியே அந்த பஸ்ஸைப் பார்த்தார். பிறகு பிரஷர் கருவியைத் தூக்கிக்கொண்டார். லைசென்ஸ் படிவத்தையும் எடுத்துக்கொண்டார்.

"வாங்க."

ரோட்டைக் கடந்து டாக்டரம்மாவே முதலில் பஸ்ஸில் ஏறினார்.

"உங்க சீட்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். அவர் உடம்புக்கென்றே அமுங்கிப்போன சீட். கை ஸ்டியரிங்கைத் தொட்டது. பயணிகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பூக்கூடை வைத்திருந்த பெண் எல்லோரையும் சும்மா இருக்கச் சொன்னாள்.

ஐந்து நிமிடம்.

எதிரே ஒரு மாடு வழியை மறித்துப் படுத்திருந்தது. அவர் ஹாரன் அடிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது எழுந்து, சோம்பல் முறித்து, தன் பாட்டுக்குப் போனது.

பட்டை இறுகியது. தளர்ந்தது.

"நூத்தி முப்பது."

டாக்டரம்மாவுக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னும் சிறிது நேரம் விட்டு மறுபடி கட்டினார்.

"நூத்தி இருபத்தெட்டு."

பட்டையைக் கழற்றினார்.

பூமிநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினான்.

இரண்டு விசில் என்றால் கிளம்பு என்று அர்த்தம். கண்ணாடியைப் பார்த்தார், சாவியைத் திருப்பினார், கியரைப் போட்டார். இருபத்தாறு வருடப் பழக்கம். வண்டி ஸ்டாண்டை விட்டு வெளியே வந்துவிட்டது.

"அண்ணே! டாக்டரம்மா உள்ள இருக்காங்கண்ணே!"

அவருக்கு உயிரே போய்விட்டது. கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதீங்க, உங்க டைம் போயிடும்," என்றார் டாக்டரம்மா. முன் சீட்டில் பூக்காரப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். "அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கிறேன். மாசாமாசம் வந்து பாக்கணும். கருவாட்டைக் குறைக்கணும்."

"சரிம்மா."

"வீட்லயும் ஒரு நாள் பிரஷர் பாக்கணும், வீட்டம்மா பக்கத்துல இருக்கும்போது."

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார்.

பின்னால் படிவம் விரியும் சத்தம். பேனா மூடி திறக்கும் சத்தம்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ரோட்டின் குழி ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம்.

ஒன்றில்கூடச் சக்கரம் இறங்கவில்லை.